கரி பிரிகிற அறை

அந்த அறைக்கு டேப் உள்பக்கமாகத்தான் ஒட்ட முடியும். வெளிப்பக்கம் ஒட்டிப் பார்த்தோம், பெயின்ட்டோடு உரிந்து வந்தது. கட்டடப் பராமரிப்பிலிருந்து ஆள் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். அதனால் காலையில் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தி, பார்சல் ஒட்டுகிற பழுப்பு டேப்பைக் கதவின் நாலு ஓரத்திலும் இழுத்து ஒட்டிவிட்டுத்தான் ஏசியைப் போடுவேன். ஜன்னல்களைத் தெர்மாகோல் வைத்து எப்போதோ அடைத்தாயிற்று. ஒட்டினால் மதியம்வரை உரிக்கக் கூடாது. உரித்தால் வெளிக்காற்று வரும், காற்றோடு ஈரம் வரும், ஈரம் வந்தால் அன்றைய பாடு அவ்வளவுதான்.

உரிக்கக் கூடாது என்றால் பாத்ரூமுக்கும் போகக் கூடாது. காலை நாஷ்டாவோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொள்வேன். அறைக்குள் அதிகமாக நடமாட மாட்டேன், வியர்க்கும். போனில் ஒரு வார்த்தை இரண்டு வார்த்தைக்கு மேல் பேச மாட்டேன், மூச்சிலும் ஈரம் இருக்கிறது. ஒரு மனுஷி உள்ளே உட்கார்ந்து சும்மா மூச்சு விட்டாலே ஈரமானியில் எண் ஏறுவதை முதல்முறை பார்த்த அன்று எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

இத்தனையும் எதற்கு என்றால், கரிக்கு.

நம் நிலக்கரியில் சாம்பல் அதிகம். சாம்பல் என்றால் எரிந்த பிறகு வருவது மட்டுமில்லை, எரிவதற்கு முன்பே கரிக்குள் கலந்து கிடக்கிற மண், களிமண், கல். அதையும் சேர்த்து உலையில் கொட்டினால் அது எரியாது, புகைபோக்கி வழியாகத் தூளாகப் பறந்து ஊர்மேல் இறங்கும். புகைபோக்கியில் அதைப் பிடிக்க இயந்திரம் உண்டு. கரியைத் தண்ணீரில் கழுவுவதும் உண்டு, அதற்கு ஏரி ஏரியாகத் தண்ணீர் வேண்டும். எங்கள் பேராசிரியரும் நானும் செய்தது தண்ணீரே வேண்டாத வழி. பள்ளிக்கூடத்தில் பிளாஸ்டிக் ஸ்கேலைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்கைத் தூக்க வைப்போமே, அதேதான். கரியை மாவாக அரைத்து, புளோயர் என்கிற ஊதியின் காற்றில் ஒரு செம்புக் குழாய் வழியாக விரட்டினால், துகள்கள் குழாயில் உரசி உரசி மின்னேற்றம் வாங்கிக்கொள்ளும். கரிக்கு ஒரு விதம், மண்ணுக்கு அதற்கு நேர்மாறு. பிறகு இரண்டு தகடுகளுக்கு நடுவே விழவிட்டால் கரி ஒரு தகட்டுப் பக்கம் சாயும், மண் இன்னொரு பக்கம். கீழே இரண்டு தட்டு. ஒன்றில் அட்டைக் கறுப்பு, ஒன்றில் வெளிர்சாம்பல். கண்ணெதிரே பிரியும். முதல்முறை பிரிந்தபோது நான் கத்திய கத்தலில் பக்கத்து லேபிலிருந்து ஓடி வந்தார்கள். புகையிலிருக்கிற கந்தகத்தை அளக்கும் கருவி செய்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். யாருக்கோ ஷாக் அடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு மரக்கட்டையோடு வந்திருந்தார்கள்.

இதில் இரண்டு தொல்லை. ஒன்று ஈரம், சொன்னேன். கல்லூரி இருப்பது செங்கல்பட்டுக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவில். கோடையில் காலையில் மேற்கிலிருந்து காய்ந்த காற்று அடிக்கும், அது அடிக்கிறவரை எங்கள் ராஜ்யம். மதியத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே வந்துவிடும். ஏசி, டேப், தெர்மாகோல் எதுவும் அதை நிறுத்தாது. இரண்டாவது தொல்லை, ஒரு ரவுண்டு ஓட்டியதும் பெட்டியின் அக்ரிலிக் சுவரிலும் மின்னேற்றம் தங்கிவிடும். அது தானாக வடிகிறவரை அடுத்த ரவுண்டு போட முடியாது, போட்டால் தூள் சுவரில் போய் அப்பிக்கொள்ளும். ஆகவே பத்து நிமிஷ வேலைக்கு அரைமணி நேரம் சும்மா உட்கார வேண்டும். டேப் ஒட்டிய அறையில், தண்ணீர் குடிக்காமல், பேசாமல், தெர்மாகோலைப் பார்த்துக்கொண்டு. சும்மா இருப்பது எனக்கு வராத காரியம்.

கடல்காற்று எப்போது வரும் என்று எனக்குச் சொல்வது என் அண்ணன். எங்கள் வீடு மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பத்தில். அண்ணன் விடியலில் போட்டில் போய்விட்டு வந்து, மதியம் வலை பிரித்துக்கொண்டிருப்பான். காற்று திரும்பியது கரையில் முதலில் தெரியும். என்னிடம் வந்து சேர அதற்கு ஒரு மணி நேரமாவது ஆகும். உடனே போன் போடுவான்.

"காத்து திரும்பிட்ச்சி விஞ்ஞானி. கடைய சாத்து."

"இன்னும் ஒரு ரவுண்டு ஓட்டிக்கிறேன்."

"ஓட்டு ஓட்டு. இன்னிக்காவது கரி வெளுத்துச்சா இல்லியா?"

கரியை வெளுக்க வைக்கிற வேலைக்கு என் தங்கச்சி போகிறாள் என்றுதான் குப்பம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தான். சோப்புப் போட்டுப் பார்த்தாயா என்று கேட்காத ஆளில்லை.

இந்த வேலையில் சேரும்போது ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். எங்கள் முறையை ஏதாவது ஒரு கம்பெனி உரிமம் வாங்கிக்கொள்கிறவரை நான் இங்கேயே இருப்பேன், அதுவரை என் அசல் சான்றிதழ்கள் கல்லூரி அலுவலகத்தின் இரும்பு பீரோவில் இருக்கும். காப்புரிமை விண்ணப்பத்தில் கண்டுபிடிப்பாளர்கள் வரிசையில் பேராசிரியர் பெயருக்குக் கீழே என் பெயர் இருந்தது. அதைப் பார்த்த சந்தோஷத்தில் கிணற்றில் குதி என்று எழுதியிருந்தாலும் போட்டிருப்பேன்.

அப்புறம்தான் அந்த இடம் கிடைத்தது. வெளிநாட்டில், கடலிலிருந்து ரொம்பத் தள்ளி ஒரு பல்கலைக்கழகம், முழு உதவித்தொகையோடு ஆராய்ச்சிப் படிப்பு. அதே துறை. அங்கே குளிர்காலத்தில் காற்று அப்படிக் காய்ந்து கிடக்குமாம், கதவுக் கைப்பிடியைத் தொட்டாலே சுளீரென்று அடிக்குமாம். ஸ்வெட்டர் கழற்றினால் படபடவென்று பொறி பறக்குமாம். அதைப் படித்துவிட்டுத் தூக்கமே வரவில்லை எனக்கு. டேப் வேண்டாத ஊர்! நினைத்தபோது பாத்ரூம் போகலாம்!

ஒருமுறை சேரும் தேதியைத் தள்ளிப்போடக் கேட்டேன், கொடுத்தார்கள். இன்னொருமுறை முடியாது, இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று மரியாதையாக எழுதியும் விட்டார்கள். பேராசிரியரிடம் போய் நின்றேன். நல்ல மனுஷர். என்னை உட்காரச் சொல்லாமல் எதுவும் பேச மாட்டார்.

"ஒரு கம்பெனி பாக்க வர்றாங்கம்மா. அனல் மின் நிலையத்துக்கெல்லாம் மெஷின் செஞ்சு குடுக்கறவங்க. அவங்க வாங்கிட்டாங்கன்னா அன்னைக்கே உன் ஃபைல்ல கையெழுத்து. பீரோ சாவிய நானே வாங்கித் தர்றேன்."

"வாங்கலைன்னா சார்?"

"ஏன் வாங்க மாட்டாங்க? பிரியுதுல்ல?"

பிரியத்தான் செய்தது. ஆனால் நான் தனியாக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது பிரிந்தது. ஆட்கள் நிறைய உள்ளே வந்தால்? அந்த வாரம் முழுக்க ஏசியை ராத்திரியிலும் நிறுத்தவில்லை. சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மூட்டையாக வாங்கி மூலைக்கு மூலை வைத்தேன். எத்தனை பேர் எவ்வளவு நேரம் நின்றால் எண் எவ்வளவு ஏறும் என்று பக்கத்து லேப் ஆட்களைக் கூட்டிவந்து நிற்க வைத்துப் பார்த்தேன். "எங்கள மூச்சு விடத்தான் கூப்ட்டியா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

அந்த நாளும் வந்தது. காலையிலேயே காய்ந்த மேல்காற்று, அண்ணன் பாஷையில் கச்சான். அண்ணனைக் கேட்டேன். "கச்சான் நல்லா அடிச்சிகினு கீது. மதியம் வரிக்கும் ஒண்ணும் ஆவாது, தைரியமா வெளு" என்றான். ஈரமானியில் நான் அதுவரை பார்க்காத சின்ன எண். எல்லாம் சரியாக இருந்தது.

தாளாளர் அம்மா வருவார் என்று மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. கல்லூரியில் புதிதாக ஒரு ஜெராக்ஸ் மெஷின் வந்தால்கூட அவர் கையால் விளக்கேற்றித்தான் தொடங்குவார்கள். வராந்தாவில் பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், பூ, தேங்காய், குத்துவிளக்கு எல்லாவற்றையும் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு இரண்டு பெண்கள் நின்றார்கள். பன்னீரும் ஈரம்தானே. ஓடிப்போய்த் தாளாளர் அம்மா முன்னால் நின்றேன்.

"அம்மா, உள்ள ஈரம் ஆகாதும்மா. பன்னீர், சந்தனம் எல்லாம் வெளியவே..."

"சரி கண்ணு, வெளியவே தெளிச்சுக்கலாம். தேங்காயும் இங்கயே ஒடைச்சுடலாம். விளக்கு?"

"விளக்கும் வாசல்லயே..."

"மெஷினுக்குத்தானே கண்ணு பூஜை? வாசல்ல ஏத்தினா வாட்ச்மேனுக்கா ஏத்தறேன்?"

சிரித்தார்கள். பேராசிரியர் என்னைப் பார்த்து விட்டுவிடு என்று கண்ணைக் காட்டினார். விளக்கில் தண்ணீர் இல்லை, எண்ணெய்தானே என்று நானும் விட்டுவிட்டேன். எரிந்தால் கொஞ்சம் ஈரம் வரும், ஐந்து திரிக்கு என்ன பெரிதாக வந்துவிடும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். என் பயம் வேறு. கரித்தூள் இருக்கிற இடத்தில் நெருப்பு ஆகாது. அதனால் தூள் பாட்டில்களை இறுக மூடி அலமாரியில் வைத்தேன். விளக்கைத் தூள் கொட்டுகிற வாயிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, மெஷினின் பின்பக்கம், ஊதி இருக்கிற மூலையில் ஒரு ஸ்டூல்மேல் நானே வைத்தேன். அம்மா ஐந்து முகத்தையும் ஏற்றினார். எல்லோரும் உள்ளே வந்தார்கள். நான் டேப் ஒட்டினேன்.

கம்பெனியிலிருந்து வந்தவர்களில் பேசியது ஒருவர்தான். நரைத்த மீசை, மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை, கையில் டைரி. மூத்த பொறியாளர். உள்ளே வந்ததுமே விளக்கைப் பார்த்து, "கரித்தூள் இருக்கற ரூம்ல இது இன்னா சார்?" என்றார். பேராசிரியர் மெதுவாக அம்மா பக்கம் தலையை ஆட்டினார். அவருக்குப் புரிந்தது. சட்டையைச் சரிசெய்துகொண்டு, "ம், நல்ல காரியம்தான்" என்றார்.

ஊதியைப் போட்டேன். தகடுகளுக்கு மின்சாரம் கொடுத்தேன். தூள் இறங்கியது.

இரண்டு தட்டிலும் ஒரே நிறம்.

தட்டுகளை வெளியே எடுத்தேன். இடதுகைத் தட்டையும் வலதுகைத் தட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். யாராவது தட்டை மாற்றிவைத்தால்கூடத் தெரியாது, அப்படி ஒரே அழுக்குக் கறுப்பு. ஒரு துகள்கூடச் சாயவில்லை. நேராக விழுந்திருக்கிறது, மணல் விழுகிற மாதிரி.

"இது முதல் ரவுண்டு, வார்ம்-அப்" என்றார் பேராசிரியர். அவர் குரல் எனக்குத் தெரியும், அவரே அதை நம்பவில்லை.

ஈரமானியைப் பார்த்தேன். நல்ல எண். மின்னழுத்தம் சரி. செம்புக் குழாய் நேற்றுத் துடைத்தது. இன்னும் கொஞ்சம் தூள் போட்டேன். அதே கறுப்பு. இத்தனை நேரத்துக்கு எல்லோரும் நெருங்கி நிற்கிற சூடு முதுகில் தெரிந்தது. கதவைத் திறந்து ஓடலாம் என்றால் டேப்பை உரிக்கிற சத்தமே போதும், மானம் போக. கம்பெனிக்காரர் டைரியை மூடவில்லை, ஆனால் பேனாவைப் பையில் செருகிவிட்டார். அந்தப் பேனா போவதை நான் பார்த்தேன். பீரோ, சாவி, சுளீரென்று அடிக்கிற கதவுக் கைப்பிடி எல்லாம் அதோடு போனது.

ஊதியை நிறுத்தலாம் என்று பின்பக்கம் போனேன். அங்கேதான் பார்த்தேன். விளக்கின் ஐந்து சுடரும் நேராக எரியவில்லை. ஐந்தும் ஒரே பக்கம் படுத்துக்கொண்டு, ஊதியின் வாயைப் பார்த்து எரிந்தன. ஊதி அந்தச் சுடர்க் காற்றைத்தான் இழுத்துக் குழாய்க்குள் விட்டுக்கொண்டிருந்தது.

சுடரைச் சுற்றியிருக்கிற காற்று வெறும் காற்றில்லை. சூட்டில் உடைந்த மின்துகள்கள், இரண்டு வகையும், அதில் நிறைய. எங்கே மின்னேற்றம் இருந்தாலும் போய் ஒட்டிக்கொண்டு அதைச் சமன் செய்துவிடும். துகள்கள் குழாயில் உரசி வாங்கியதை எல்லாம் விளக்கு அடுத்த நொடியே பறித்துக்கொண்டிருக்கிறது! கல்லூரி முதல் வருஷப் புத்தகத்தில் இருக்கிறது இது.

"விளக்குதான் சார்! விளக்குதான்!" என்று கத்திவிட்டுக் குனிந்து வாயைக் குவித்தேன்.

"ஊதாதே கண்ணு!" அம்மா என் தோளைப் பிடித்து இழுத்துவிட்டார். "வாயால ஊதுவாங்களா யாராவது? பொண்ணா நீ?"

"அம்மா, இது எரிஞ்சா கரி பிரியாதும்மா."

"பிரியலைன்னா என்ன இப்ப? தள்ளு. நான் குளிர வைக்கறேன்."

பூ தாம்பாளத்தோடு வெளியே இருந்தது. அம்மா தன் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தில் ஒரு துண்டைக் கிள்ளினார். ஒவ்வொரு சுடராகப் பூவால் தொட்டு, எண்ணெய்க்குள் இழுத்து, நிதானமாகக் குளிரவைத்தார். ஐந்து திரிக்கும் ஒரு யுகம் ஆனது. அணைந்த திரிப் புகை மல்லிகை வாசனையோடு அறைக்குள் சுற்றி அடங்குகிறவரை காத்திருந்து, மறுபடி ஊதியைப் போட்டேன்.

பிரிந்தது. அட்டைக் கறுப்பு ஒரு தட்டில், வெளிர்சாம்பல் ஒரு தட்டில். தனியாக ஓட்டிய எந்த நாளிலும் இவ்வளவு சுத்தமாகப் பிரிந்ததில்லை. கம்பெனிக்காரர் சாம்பலை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார், பேனாவை வெளியே எடுத்தார்.

"நல்லா கீதும்மா. அடுத்த ரவுண்டு போடுங்க."

"கொஞ்ச நேரம் ஆகணும் சார்" என்றார் பேராசிரியர். "சுவர்ல தங்கற சார்ஜ் வடியணும்."

"நின்னு நின்னுதான் ஓடுமா?" நெற்றியைச் சுருக்கினார். பிறகு அவரே, "பரவால்ல. அத எங்க ஆளுங்க பாத்துக்குவாங்க. விஷயம் பிரியறது. எங்களுக்கு ஓகே சார்" என்றார்.

ஓகே சார் என்றார். நான் என் காதால் கேட்டேன். பேராசிரியர் திரும்பி என்னைப் பார்த்தார், கண்ணாலேயே சாவியைக் கையில் கொடுத்த மாதிரி. அந்த இடத்தில் நான் டேப்பை உரித்திருக்க வேண்டும். உரித்து, வெளியே போய், வயிறு முட்டத் தண்ணீர் குடித்திருக்க வேண்டும்.

ஆனால் என் தலைக்குள் ஐந்து சுடரும் இன்னும் படுத்துக்கொண்டு எரிந்துகொண்டிருந்தன. துகளில் இருக்கிற மின்னேற்றத்தைப் பறிக்கிறது என்றால், சுவரில் தங்குகிறதையும் பறிக்கும்தானே? தூள் இறங்கும்போது வரக் கூடாது. இறங்கி முடிந்ததும் வந்தால்?

"சார், வடியறதுக்கு நிக்கவே வேணாம் சார்!" வாய் தானாகப் பேசியது. "அந்தக் காத்த ரவுண்டுக்கு நடுவுல மட்டும் பெட்டிக்குள்ள ஒரு தடவ ஊதிவிட்டா செவுரு சுத்தமாய்டும். நெருப்பு வேணாம், கூர் ஊசில ஹை வோல்டேஜ் குடுத்தாலே அதே துகள் வரும். நிக்காம ஓட்டலாம் சார், நாள் பூரா ஓட்டலாம்!"

கம்பெனிக்காரர் டைரியை மூடினார்.

"பிளாஸ்டிக் ஷீட் ஃபேக்டரில சார்ஜ் எடுக்க ஊசி பார் வெச்சுப் பாத்திருக்கேன். கரிக்கு யாரும் செஞ்சதில்ல." பேராசிரியர் பக்கம் திரும்பினார். "அப்ப அதையும் சேத்து முடிச்சே குடுத்துடுங்களேன் சார். நாங்க ஏன் அரைகுறையா எடுத்துகினு போய் மண்டைய உடைச்சுக்கணும்? அந்தப் பொண்ணுதான் தெளிவா சொல்லுதே."

அம்மா என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். "பாத்தீங்களா, விளக்கு வீண் போகல" என்றார்.

எல்லோரும் போன பிறகு பேராசிரியர் உட்காரச் சொன்னார். முகம் முழுக்கச் சந்தோஷம், அதை என் முன்னால் மறைக்கப் பாடுபட்டார். புது விண்ணப்பம் போட வேண்டும், இந்த முறை உன் பெயர்தான் முதலில் என்றார். கையெழுத்து என்றேன். "வாங்கிட்டா போட்றேன்னு சொன்னேன்மா. அவங்க இன்னும் வாங்கலையே" என்றார். பொய் இல்லை. அந்தப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டுப் பார்த்தேன். வருத்தத்தோடு, வாழ்த்துகளோடு இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அண்ணனிடம் சொன்னபோது வலையில் சிக்கிய நண்டின் காலை ஒடித்துக்கொண்டிருந்தான்.

"அவன் ஓகேன்னு சொன்னப்புறமா நீ வாயத் தொறந்த?"

"ஆமா."

"ஏன், கம்முனு இருக்கறது?"

"தெரிஞ்சுபோச்சுண்ணா. தெரிஞ்சத எப்டிச் சொல்லாம இருக்கறது?"

நண்டைக் கூடையில் போட்டான். "அங்க போயிருந்தா குளிர்ல வெறைச்சிருப்ப" என்றான். வலையில் அடுத்த நண்டைத் தேடிக்கொண்டே, "அடுத்த வருசம் வேற எங்கியாவது கேளு" என்றான்.

கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. ஊசிகள் வந்துவிட்டன. பெட்டிக்குள் வரிசையாகப் பொருத்தியது நான்தான். முதல் நாள் வேலை செய்யவில்லை. ஊசி முனையில் கரி படிந்துவிட்டது, அதற்கு ஒரு மூடி செய்தேன். இப்போது நிற்காமல் ஓடுகிறது. சும்மா உட்கார வேண்டிய அந்த அரைமணி நேரங்கள் போய்விட்டன. தெர்மாகோலை நான் நிமிர்ந்து பார்த்தே நாளாகிறது. ஒரு ரவுண்டு முடிந்ததும் அடுத்தது, அடுத்தது, தட்டு மாற்றக் கை போதவில்லை. பக்கத்து லேபில் யாரோ கதவைத் தட்டி, சாப்பிட வரவில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

மேஜைமேல் போன் அதிர்கிறது. அண்ணன்.

"காத்து திரும்பிட்ச்சி. கடைய சாத்து, வெளிய வா."

டேப்பைப் பார்க்கிறேன். ஈரமானியைப் பார்க்கிறேன். எண் இன்னும் ஏறவில்லை.

"இன்னும் ஒரே ஒரு ரவுண்டுண்ணா" என்கிறேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு.